இடைவிடாமல் குடியிருந்தவன்

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் சட்டம் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருப்பெருவாசல் தாலுக்கா ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் அதற்குத் துணையாக விதிகள் வந்தன. விதிகளுக்குத் துணையாக விளக்கங்கள் வந்தன. விளக்கங்களுக்குத் துணையாக வைத்தியலிங்கம் வந்தார். அவர்தான் தாசில்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். வைத்தியலிங்கம் அந்த ரகம் இல்லை, கொடுக்க அவருக்கு ஆசைதான். எதைக் கொடுக்கிறோம் என்று சரியாகத் தெரிந்த பிறகு கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எதுவும் அவருக்குச் சரியாகத் தெரிந்ததில்லை.

வடுவக்கரை கீழத்தெருவில் மருதையன் வீடுதான் கடைசி வீடு. வீடு என்றால் மண்சுவர், மூங்கில் வரிச்சு, மேலே தென்னங்கீற்று. மிராசுதார் ரெங்கசாமியின் தென்னந்தோப்பு ஓரத்தில் ஐந்து சென்ட் இடம். கூரை மருதையனுடையது, கூரைக்குக் கீழே கிடக்கும் மண் ரெங்கசாமியுடையது. இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. வயலில் நின்று மருதையன் கூலியைப் பற்றி வாய் திறந்தால், ரெங்கசாமி மனையைப் பற்றி வாய் திறப்பார். மருதையனின் அப்பா ஒரு அறுப்பில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார். அன்று சாயங்காலமே தோப்பு ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துப் போட்டார்கள். மறுநாள் அப்பா போய்க் காலில் விழுந்து, பழைய கூலிக்கே அறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கூரையைத் திரும்ப வேய்ந்துகொண்டார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் மருதையன். அந்த மண் தன் பேருக்கு வந்தால் அரண்மனை கட்டும் உத்தேசம் எதுவும் அவனுக்கு இல்லை. வயலில் நிமிர்ந்து நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு, பொழுது சாயும்போது பயமில்லாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கேட்டான்.

மனு போட்டான். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனைவி அம்சத்தோடு போனான்.

ஆபீஸ் வாசலில் தமிழ் வாழ்க என்று குழல்விளக்கில் எழுதியிருந்தது. உள்ளே கோப்புகள் இங்கிலீஷில் இருந்தன. தாசில்தாருக்குப் பக்கத்தில் தலைமை எழுத்தர் இராஜாங்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ரெங்கசாமியும், நாகப்பட்டினத்திலிருந்து அவர் அழைத்து வந்திருந்த வக்கீல் நாகநாதனும். சிறப்பு அழைப்பாளராக ஒன்றியத் தலைவர் தங்கமணி வந்திருந்தார். அவர் ஆளும் கட்சிக்காரர். மேடை ஏறினால் உழுபவனுக்கே நிலம் என்பார். அவருக்கும் நன்னிலம் பக்கத்தில் நிலம் உண்டு. அந்த நிலத்தின் ஓரத்திலும் குடிசைகள் உண்டு.

நாகநாதன் எழுந்தார். "சார், மனுதாரர் அந்த மனையில இருக்காருங்கறத நாங்க மறுக்கல. எப்படி இருக்காருங்கறதுதான் கேள்வி. விதி என்ன சொல்லுது? குடியிருப்பு 'கன்டினியூவஸ்'ஸா இருக்கணும்னு சொல்லுது. நடுவுல ஒரு பொட்டு இடைவெளி இருக்கக்கூடாது. இவரு என்ன பண்றாரு? வெள்ளம் வந்தா பள்ளிக்கூடத்துக்குப் போயிடறாரு. தை பொறந்தா அறுப்புக்குன்னு பெண்சாதியோட ஊர் ஊராப் போறாரு. போறாரு, வராரு, போறாரு, வராரு. இதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கு சார். 'கன்டினியூவல்'. விட்டு விட்டு, ஆனா ஓயாம நடக்கறது. கேக்கறதுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணுக்குப் பட்டா உண்டு, இன்னொண்ணுக்கு இல்ல."

வைத்தியலிங்கத்தின் முகம் வெளுத்தது. சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இந்த இரண்டையும் கைக்கு வந்தபடி எழுதியவர். எந்தெந்தக் கோப்பில் எதை எழுதினோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விரல் போதவில்லை.

"தலைவர் என்ன சொல்றீங்க?" என்று தங்கமணியைப் பார்த்தார்.

தங்கமணி துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "பெரியோர்களே, தமிழ் நமக்குத் தாய். தாய்கிட்ட ஒரு வார்த்தை முன்ன பின்ன பேசினா அவ கோவிச்சுக்க மாட்டா. இங்கிலீசு அந்நியன். அந்நியன்கிட்ட தப்பாப் பேசினா நம்ம மானம் போயிடும். அதனாலதான் சொல்றேன், இந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் என்னன்னு தீர்மானம் ஆகாம ஒரு பிடி மண்ணு கூட யாருக்கும் போகக்கூடாது. சட்டம் நம்ம சட்டம். ஏழைக்காகப் போட்ட சட்டம். அப்பேர்ப்பட்ட சட்டத்த அவசரப்பட்டு அமல்படுத்தி வீணாக்கிடக் கூடாது." ரெங்கசாமிதான் முதலில் கை தட்டினார்.

மருதையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஐயா, எங்கப்பா அங்கதான் பொறந்தாரு. நானும் அங்கதான் பொறந்தேன்" என்றான்.

"பொறந்ததெல்லாம் சரிப்பா. விட்டு விட்டுப் பொறந்தியா, விடாம பொறந்தியா?" என்று கேட்டுவிட்டு, கேள்வி சரியாக வரவில்லை என்று தாசில்தாருக்கே தோன்றியது. இராஜாங்கத்தை எழுத வேண்டாம் என்று கை காட்டினார்.

அடுத்த வாய்தாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் ஷம்சாத்தை வரவழைத்தார்கள். அந்த அம்மாள் நல்லவர். தான் எதற்காக அழைக்கப்பட்டோம் என்று தெரியாமல் வந்தவர். கரும்பலகை முன்னால் நின்று விளக்கினார். "சுலபம்தாங்க. ராத்திரி பூரா நிக்காம மழை பெஞ்சா கன்டினியூவஸ். தெருநாய் விட்டு விட்டுக் குரைச்சுக்கிட்டே இருந்தா கன்டினியூவல். ஆறு ஓடறது கன்டினியூவஸ். ஏத்தம் இறைக்கறது கன்டினியூவல்."

"ஆறுன்னா, காவிரியா?" என்று இராஜாங்கம் கேட்டார்.

"காவிரிதான்."

"மேட்டூரைச் சாத்திட்டா இங்க வெறும் மணல்தானேம்மா?"

ஷம்சாத் யோசித்தார். "அப்படிப் பாத்தா, காவிரி கன்டினியூவல்னுதான் சொல்லணும்."

தங்கமணி விருட்டென்று எழுந்துவிட்டார். தமிழனின் தாயான காவிரியை விட்டு விட்டு ஓடுகிறவள் என்று ஒரு அரசு அலுவலகத்தில் வைத்துச் சொல்வதைத் தன் உடம்பில் உயிர் உள்ளவரை அனுமதிக்க முடியாது என்றார். காவிரி கன்டினியூவஸ் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. ஷம்சாத் அம்மாளுக்குப் பயணப்படி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காவிரிக்குக் கிடைத்த சலுகையை எனக்கும் கொடுங்கள் என்று கேட்க மருதையனுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் ஆறு ஒரு கட்சி, ஆள் ஒரு கட்சி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மருதையன் விஷயத்தில் தாசில்தார் ஒரு வழி கண்டுபிடித்தார். இவன் விட்டு விட்டுக் குடியிருக்கிறானா, விடாமல் குடியிருக்கிறானா என்பதை வாயால் பேசி என்ன பயன்? நேரில் பார்த்துவிட்டால் போகிறது. ஐப்பசி முதல் அந்த வீட்டைக் கண்காணிக்க உத்தரவு போட்டார்.

கண்காணிக்கத் தலையாரி கண்ணுசாமி வந்தான். அவனும் கீழத்தெருக்காரன்தான். ஆனாலும் சர்க்கார் உத்தியோகம், உத்தியோகத்துக்குத் துரோகம் பண்ண மாட்டான். வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து மருதையன் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த மாதம்தான் இரண்டாம் போகமான தாளடி நடவு. அம்சம் நாற்று நடப் போயாக வேண்டும், மருதையன் நாற்று பறிக்கப் போயாக வேண்டும். இருவரும் போனால் வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிடுவார்கள். போகாவிட்டால் சோறில்லை. தெருவில் கலந்து பேசினார்கள். அம்சம்தான் சொன்னாள். "தண்ணி பத்தாத காலத்துல வாய்க்காலுக்கு முறை வைக்கிறோமா இல்லையா? அந்த மாதிரி நம்ம வீட்டுக்கும் முறை வச்சிட்டா என்ன? நாங்க இல்லாதப்ப ஒரு ஆளு வந்து உக்காந்துக்கங்க. வீடு காயாம இருக்கட்டும்."

அந்தத் தெருவுக்கு இது உடனே புரிந்தது. முறை வைத்துப் பாய்ச்சினால் எந்த வயலும் காய்ந்ததில்லை. காலையில் எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் வந்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியதும் அடுத்த வீட்டார் வந்தார்கள். முறைக்காரர் வந்து நிலைக்குள் காலை வைத்த பிறகுதான் முந்தின முறைக்காரர் காலை வெளியே எடுப்பார். வாய்க்கால் முறையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. தண்ணீர் முறையில் வெட்டு குத்து நடக்கும். இதில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த விசாரணையில் கண்ணுசாமியை நிறுத்தினார்கள்.

"விடாம பாத்தியாய்யா?" என்று கேட்டார் இராஜாங்கம்.

"கண்ணு இமைக்காம பாத்தேங்க."

"சாப்பிடப் போகல?"

"போனேங்க."

"கொல்லைக்குப் போகல?"

கண்ணுசாமி தலையைச் சொறிந்தான். "அது போகாம முடியுங்களா?"

இராஜாங்கம் பேனாவை மூடினார். "சார், இவன் பாத்ததே கன்டினியூவல். விட்டு விட்டுப் பாத்த பார்வையால விடாம இருந்தானான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

தாசில்தாருக்கு இது மிகப் பெரிய உண்மையாகப் பட்டது. கண்ணுசாமி எழுந்து போகும் நேரத்தில் பார்க்க இன்னொரு ஆளையும், அந்த இருவரும் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று பார்க்க வேறொரு ஆளையும் நியமித்தார். அவர்களுக்குப் படியும் அனுமதித்தார்.

அப்போது நாகநாதன் மெல்ல எழுந்தார். "மனுதாரர் இப்ப இங்க நிக்கறாரு. வீட்டுல யாரு இருக்கா?"

"கண்ணாத்தா இருக்காங்க" என்றான் மருதையன். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "ஒரு நொடி கூட வீட்டைக் காயப் போடலீங்க. முறை வச்சிருக்கோம்."

நாகநாதன் ரெங்கசாமியைப் பார்த்துச் சிரித்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு சார். வீடு கன்டினியூவஸ்தான். மருதையன்தான் கன்டினியூவல்."

மருதையனுக்குக் காதுக்குள் கொதித்தது. தெருவே சேர்ந்து கட்டிய கரையைத் தன் வாயாலேயே வெட்டிவிட்டான். அம்சம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

தாசில்தார் உத்தரவைச் சொன்னார். இறுதி முடிவு வரும்வரை மருதையன் மனையை விட்டு ஓர் அடி வெளியே வைக்கக் கூடாது. வைத்தால் குடியிருப்பு விட்டுப்போனதாகக் கருதி மனு தள்ளுபடி ஆகும்.

"வெளிக்குப் போகணும்னாங்க?" என்றான் மருதையன்.

"மனைக்குள்ள."

"நீங்க விசாரணைக்குக் கூப்பிட்டாங்க?"

"கூப்பிட்டா வந்துதான் ஆகணும்" என்றார் வைத்தியலிங்கம், கண்டிப்போடு. பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "வந்தா மனு போச்சு."

அன்றே ரெங்கசாமியின் ஆட்கள் வந்து மனையைச் சுற்றி முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். தேங்காய் மட்டை அடுக்க இடம் வேண்டுமாம். மருதையன் குச்சிகளுக்கு உள்ளே உட்கார்ந்தான். நடவு நடந்தது, அவன் போகவில்லை. சாவுக்குச் சங்கு ஊதினார்கள், போகவில்லை. அம்சம் ஒற்றை ஆளாக நட்டுக் கொண்டுவந்த கூலியில் இருவரும் கஞ்சி குடித்தார்கள். மதகின்மேல் சர்க்கார் ஆட்கள் மூவரும் ஆடுபுலி ஆடிக்கொண்டு, இடையிடையே அம்சத்திடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெங்கசாமி தோப்புக்கு வரும்போதெல்லாம் வேலி ஓரம் நின்று விசாரிப்பார். "என்ன மருதையா, சுகமா இருக்கியா? ஜெயில்ல போட்டா கூட நடமாட விடுவான்ல?" மருதையன் தலையைக் குனிந்துகொள்வான். அப்பா விழுந்த கால் அதுதான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஷம்சாத் அம்மாள் சொன்ன முதல் ரகம். நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் முடிகொண்டான் ஆற்றில் கரை உடைந்து கீழத்தெருவுக்குள் தண்ணீர் வந்தது. தெரு முழுக்கச் சட்டி பானையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. மதகு முழுகியதும் கண்காணிப்பு ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். மருதையன் கிளம்பவில்லை. தண்ணீர் கணுக்காலில் இருந்தபோது அம்சம் கூப்பிட்டாள். முழங்காலுக்கு வந்தபோது திட்டினாள். இடுப்புக்கு வந்தபோது அழுதாள்.

நாகப்பட்டினத்திலிருந்து லாரியில் ஏற்றிவந்த மீன்படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. அதில் குடை பிடித்துக்கொண்டு வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுய்யா, ஏறு! சுவரு ஊறிப் போச்சு, இப்ப விழுந்துடும்!"

"ஏறினா மனு போயிடுமேங்க. போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏறிடறேன்."

தாசில்தார் உண்மையிலேயே சங்கடப்பட்டார். "அது எப்படிய்யா நான் சொல்ல முடியும்? நான் இன்னைக்கு வெள்ள நிவாரணத் தாசில்தார். உன் மனு குடியிருப்புத் தாசில்தார்கிட்ட இருக்கு."

"அது யாருங்க?"

"நான்தான். வேலை நாள்ல ஆபீசுல வந்து பாரு."

அம்சத்துக்கு வந்த கோபத்தில் படகைப் பிடித்து ஆட்டிவிட்டாள். "மனுசனா நீ? என் புருசன் செத்தா எந்தத் தாசில்தாரு வந்து தூக்குவான்?"

"அதுக்கு வேற ஆபீசரு வருவாரும்மா" என்றார் வைத்தியலிங்கம், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

மருதையன் அம்சத்தைத் தூக்கிப் படகில் வைத்தான். பரணில் ஏற்றி வைத்திருந்த அவளுடைய மண் அடுப்பையும் எடுத்து அவள் மடியில் வைத்தான். "நீ போ. நீ போனா மனு போகாது" என்றான். அவள் கையை விடவில்லை. படகுக்காரர்தான் துடுப்பைப் போட்டுப் பிரித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தெற்குச் சுவர் கரைந்து விழுந்தது. அதன் பின்னாலேயே மற்றதும். கூரை அப்படியே எழும்பி, ஒருமுறை சுற்றி, தோப்புப் பக்கம் மிதந்து போயிற்று. மிச்சமிருந்தது பனஞ்சட்டத்தில் நட்ட நடுக்கால் ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலு கை நீச்சலில் எட்டும் தூரத்தில் ஒரு தென்னை மரம். ஏறிக்கொண்டால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் மரம் முளைக்குச்சிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது ரெங்கசாமியின் மரம், ரெங்கசாமியின் மண். மருதையன் அதைப் பார்த்தான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது மறுபடியும் பார்த்தான். ஏறவில்லை. நடுக்காலைக் கட்டிக்கொண்டே அழுதான். அழுகிறோமே என்று அவன் வெட்கப்படவில்லை, பார்க்க யாரும் இல்லை.

விடிந்தபோது தண்ணீர் இடுப்புக்கு இறங்கியிருந்தது. தரை தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. தெருவார் மாற்றி மாற்றித் தண்ணீரில் நடந்து வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளம் வடிந்தால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் விழுந்த வீட்டை முதலில் கட்டுவார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். வீட்டுக்கு ஒரு மூங்கில், ஒரு கட்டுக் கீற்று. வெள்ளம் எட்டாத களத்து மேட்டில் அதற்கென்றே அட்டி போட்டு வைத்திருப்பார்கள். இந்த முறையும் மூங்கிலோடு கிளம்பினார்கள். ஆனால் ரெங்கசாமி முந்திக்கொண்டார். நாகநாதன் உத்தரவு வாங்கி வந்துவிட்டார். தாசில்தார் வந்து நிலவரத்தைப் பதிவு செய்யும்வரை மனையில் யாரும் ஒரு குச்சி ஊன்றக் கூடாது. காவலுக்குக் கண்ணுசாமி.

அன்று மத்தியானமே ரெங்கசாமியின் டிராக்டரில் தாசில்தாரும் இராஜாங்கமும் வந்து இறங்கினார்கள். மனைக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, தாசில்தார் உட்கார்ந்தார். இராஜாங்கம் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டார். ரெங்கசாமி முளைக்குச்சிக்கு வெளியே குடையோடு நின்றார். தெருவார் கீற்றும் மூங்கிலுமாக அந்தப் பக்கம் நின்றார்கள்.

"மனுதாரர் விடாம இருந்திருக்காரு. அத ஒத்துக்கறோம்" என்றார் நாகநாதன். "ஆளு கன்டினியூவஸ். ஆனா வீடு எங்க சார்? வீடுதான் விட்டுப் போச்சே. வீடில்லாம குடியிருப்பு ஏது? காலி மனைன்னு எழுதி முடிச்சிடுங்க."

மருதையன் நடுக்காலைப் பிடித்தபடி நின்றான்.

தாசில்தார் பெருமூச்சு விட்டார். "காலின்னு எழுதுய்யா."

"எந்தக் காலி சார்?" என்றார் இராஜாங்கம். "'எம்ப்டி'யா, 'வேக்கன்ட்'டா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். உள்ள ஒண்ணுமே இல்லன்னா எம்ப்டி. குடியிருக்க ஆளில்லன்னா வேக்கன்ட். டப்பா எம்ப்டி, வீடு வேக்கன்ட். ஆனா இங்க வீடே இல்ல. அதான் யோசிக்கறேன்."

தாசில்தாரும் யோசித்தார். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்து மை பரவியது.

"டேய் கண்ணுசாமி, பேப்பர் நனையுது பாரு! ஒரு கீத்த எடுத்துப் பிடி!" என்று கத்தினார் இராஜாங்கம்.

கண்ணுசாமி உத்தியோகத்துக்குத் துரோகம் பண்ணாதவன். கீற்றை வாங்கி வந்து பிடித்தான்.

"எனக்கும் பிடிங்கய்யா" என்றார் தாசில்தார். தெருவாரில் ஒருவர் கீற்றோடு உள்ளே வந்தார். கை வலிக்கிறது என்று ஒருவர் அதற்கு மூங்கிலை முட்டுக் கொடுத்தார். மழை வலுத்தது. தாசில்தாரின் முதுகு நனைந்தது. "பின்னாடி ஒழுகுது, பின்னாடி!" என்றார். பின்னால் கீற்று வந்தது. காற்றில் கீற்று பறக்கிறது என்றார், வைக்கோல் பிரியால் கட்டினார்கள். கால் ஆடுகிறது என்றார், குழி தோண்டி ஊன்றினார்கள். நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் குறுக்கே வளை மூங்கில் ஏறியது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தத் தெரு வருஷா வருஷம் செய்கிற வேலைதான். எம்ப்டியா வேக்கன்ட்டா என்ற பேச்சு ஓயவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அம்சம் அடுப்பைத் தலையிலும் சாமான் பானையை இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். வந்தவள் ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயாவுக்குக் குளுருதுங்களே. ஒரு வாய் சுக்குக் காப்பி வைக்கட்டுங்களா?"

"வைம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் தாசில்தார், பல் கிட்டியபடி.

"அடுப்ப எங்க வைக்கறது?"

"மழையிலயா வைப்பே? உள்ள வைம்மா, உள்ள."

வெளியே நனைந்துகொண்டிருந்த நாகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்! உள்ளன்னு சொல்லாதீங்க சார்! வெளிய வாங்க, மொதல்ல வெளிய வாங்க!" என்று ஓடி வந்தார். மழை அப்போது கொட்டியது. ஓடி வந்தவர் கூரைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே போகவில்லை.

அம்சம் பானைக்குள் நனையாமல் வைத்திருந்த வறட்டியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தாள். புகை எழுந்து கீற்றில் முட்டியது. தாசில்தார் மேலே பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். இராஜாங்கம் காகிதத்தைப் பார்த்தார்.

"சார், எம்ப்டின்னு எழுத முடியாது. நாம இருக்கோம்."

"வேக்கன்ட்?"

"அடுப்பு எரியுதே சார். நாளைக்கு மேல எடத்துல கேட்டா, குடியில்லாத எடத்துல காப்பி எப்படிய்யா குடிச்சீங்கன்னு கேப்பாங்க."

வைத்தியலிங்கம் கையில் காப்பி இருந்தது. அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. சுடச்சுட ஒரு வாய் குடித்தார். சரியாகத் தெரிந்த ஒரு விஷயம் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தலைக்கு மேலேயே இருந்தது. "குடியிருக்கிறார்னு எழுதுய்யா. கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

நாகநாதன் ஆட்சேபித்தார். ஆனால் அவர் கையிலும் அம்சம் ஒரு தம்ளரைக் கொடுத்திருந்தாள். அதனால் ஆட்சேபம் சூடாக வரவில்லை.

ரெங்கசாமி முளைக்குச்சிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குடை காற்றில் மடங்கிவிட்டது. வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. டிராக்டர் சேற்றில் புதைந்துவிட்டது. தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. மருதையன் அவரைப் பார்த்தான். நடுக்காலை விட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தான்.

அம்சம் குரலைத் தாழ்த்திக் கடிந்தாள். "அந்த ஆள எதுக்குய்யா கூப்பிடப் போற?"

"நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தரு நனைஞ்சுகிட்டு நின்னா எப்படி புள்ள?" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு வாசலில் நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டான்.

"ஐயா, உள்ள வாங்க."

ரெங்கசாமி அசையவில்லை. மழை அடித்தது. தாசில்தாரைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். இருவரும் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு வந்தார்.

கூரையைத் தாழ்வாகத்தான் வேய்ந்திருந்தார்கள். ரெங்கசாமி குனிந்து நுழைந்தார்.